பூச்சியம் விழுந்தால் கத்தும்

சவர பிளேட்டைப் பற்களில் கவ்விக்கொண்டு கமலாசனி நகத்தால் வயரின் தோலை உரித்தாள்.

"குடையை இஞ்சால சரியுங்கோ, பேச்சியம்மா! இதில ஒரு சொட்டுத் தண்ணி விழுந்தாலும் எல்லாம் முடிஞ்சுது."

"சரிச்சுக்கிட்டுத்தான் நிக்கிறேன் மிஸ். காத்து எம் பேச்சைக் கேட்டாத்தானே?"

அறை வாசல் தாழ்வாரத்தில் போட்டிருந்த வாங்குப் பலகையின் மேல் அந்தக் கொம்பியூட்டர் திறந்து கிடந்தது. தடித்த புத்தகம் இரண்டை அடுக்கி வைத்த அளவு. அதன் ஒடுங்கிய சாம்பல் நிறத் திரையில் ஒரேயோர் எண்.

இருபத்திரண்டு.

பதினேழு.

பதினொன்று.

வயரின் பழைய மூட்டில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. மழை ஈரத்தில் மின்சாரம் ஒழுகிக்கொண்டிருந்தது. எண் இறங்கி இறங்கிப் பூச்சியத்தைத் தொட்டால், சுவரில் ஆணியடித்து மாட்டிய லொறி ஹோர்ன் அலறும். அலறினால், மலையில் கொழுந்து பறிக்கும் தாய்மார் கூடைகளை வீசிவிட்டு ஓடி வருவார்கள். வந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது.

ஏற்கெனவே இரண்டு தடவை அப்படிச் சும்மா அலறியாயிற்று. மூன்றாவது தடவையும் சும்மா அலறினால் இந்தக் கொம்பியூட்டர்ப் பெட்டி தோட்டத்துக்கு வெளியே, பிள்ளைகள் இதே அறையின் உள்ளே. தோட்டத்தை நடத்தும் பெரிய துரை விரலை நீட்டிச் சொன்ன வார்த்தை அது.

"மிஸ், நாலு காட்டுது மிஸ்!"

கமலாசனி பார்க்கவில்லை. சுரண்டிய செம்பு நூல்களை முறுக்கி, நாடாவைச் சுற்றி, பெருவிரலால் அழுத்தினாள்.

திரை ஒரு கணம் தயங்கியது. பிறகு எண் எகிறியது.

முப்பத்தொன்று. அங்கேயே நின்றது.

பேச்சியம்மா மூச்சை விட்டாள். "எங்க வீட்டு ஆளு கூட இம்புட்டு நேரம் உசுர வாங்க மாட்டாரு."

உள்ளே தொட்டிலில் ஒரு குழந்தை சிணுங்கியது. குடையை அப்படியே போட்டுவிட்டு அவள் ஓடினாள்.

*

அது கல்லுமலைத் தோட்டத்தின் பிள்ளைக் காம்பரா. கண்டி நகரிலிருந்து பார்த்தால் ஹந்தானைப் பக்கம் முகில் மூடிக் கிடக்கும் மலைகளில் ஒன்றின் இடுப்பில் அந்தத் தோட்டம் இருந்தது. வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளைக் காலையில் இந்த அறையில் விடுவார்கள். மாலையில் வந்து தூக்கிக்கொண்டு லயத்து வீடுகளுக்குப் போவார்கள். இடையில் அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் பேச்சியம்மாதான் ஆயா.

அறைக்கு நேர் மேலே, தேயிலைக்கு நடுவில் மலை வெடித்திருந்தது. முதலில் வெடிப்புக்குள் கை நுழைந்தது. பிறகு கால் நுழைந்தது. அரசாங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டு, புது வருடம் பிறந்ததும் அளந்து பார்ப்பதாகச் சொல்லிப் போனார்கள். தாய்மார் பிள்ளைகளை அங்கே விடமாட்டோம் என்று நின்றார்கள். வேறு கட்டடம் இல்லை, வேலைக்கு வராவிட்டால் பேர் இல்லை, அன்றைய கூலியும் இல்லை என்றார் பெரிய துரை.

அந்த நேரத்தில்தான் கமலாசனி வந்தாள். யாழ்ப்பாணத்துப் பெண். பேராதனையில் ஓர் ஆய்வுகூடத்தில் தொழில்நுட்ப உத்தியோகம். அங்கே பியோனாக இருந்த இராமையா, தன் அண்ணன் தொழிற்சங்கத் தலைவராக இருக்கும் தோட்டத்தில் இப்படியொரு வெடிப்பு என்று தேநீர் வைக்கும்போது சொல்லியிருந்தான். அவள் சனிக்கிழமை பஸ் ஏறி வந்து வெடிப்பைப் பார்த்தாள். பிறகு கீழே தொட்டில்களைப் பார்த்தாள். திங்கட்கிழமை ஆய்வுகூடத்து அலுமாரியின் அடித்தட்டிலிருந்து அந்தக் கொம்பியூட்டரை எடுத்தாள்.

ஒரு காலத்தில் வெளியிடங்களுக்குக் கொண்டுபோக என்று வாங்கிய இயந்திரம். பற்றரியில் ஓடும். புதிய இயந்திரங்கள் வந்தபின் அதை யாரும் தொடவில்லை. ஆனால் புதியவற்றில் இல்லாத ஒன்று அதன் முதுகில் இருந்தது. ஒரு சின்னத் துளை. அதில் வந்து சேரும் மின்சாரத்தின் அளவை அது எண்ணாக மாற்றித் திரையில் காட்டும்.

செத்துப்போன ஒரு றேடியோவிலிருந்து, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழைக் கழற்றினாள். அதை ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் பொருத்தி, தகரத்தை வெடிப்பின் கீழ்க்கரையில் புதைத்தாள். மேல்கரையில் ஓர் இரும்புக் கம்பியை அறைந்து, இரண்டுக்கும் இடையே உருக்கு இழையொன்றை இறுக்கிக் கட்டினாள். வெடிப்பு அகன்றால் இழை இழுபடும். இழை இழுபட்டால் குமிழ் திரும்பும். குமிழ் திரும்பினால், தகரத்திலிருந்து சரிவு வழியே இறங்கி வரும் நீண்ட வயரில் மின்சாரம் கூடும், திரையில் எண் ஏறும். ஐம்பதைத் தாண்டினால் ஹோர்ன்.

பூச்சியத்திலும் ஹோர்ன். அது வயர் அறுந்ததற்கு அடையாளம். கண் போனால் வாயாவது கத்தட்டும் என்று அவள்தான் அப்படி எழுதி வைத்தாள்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது, முனியைத் தவிர. அந்த இரும்புக் கம்பிக்குப் பக்கத்தில்தான் முனியாண்டி கல் இருந்தது. மலையைப் பிடித்து வைத்திருக்கும் கம்பி என்று யாரோ சொல்ல, பெண்கள் மஞ்சள் நூலில் காசு முடிந்து இழையில் கட்டத் தொடங்கினார்கள். நேர்த்திகளின் பாரத்தில் எண் ஐம்பதைத் தாண்டியது. முதல் பொய் அலறல். நூல் கட்டக்கூடாது என்று அவள் சொன்ன பிறகு, நூல் கட்டவில்லை, ஒருவன் சேவலைக் கட்டினான். அது இரண்டாவது.

"முனி கோழி கேட்டா குடுத்துடலாம் மிஸ்," என்றார் தலைவர் காளிமுத்து. "ஒங்க பொட்டி கோழியும் கேக்குது, தொரைக்கிட்ட ஏச்சும் வாங்கித் தருது."

அவள் இழையைப் பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டு மூடினாள். அதன் பிறகு, இன்று வயர் ஒழுகும்வரை, எண் அசையவில்லை.

ஆனால் அவளுக்கு நெஞ்சில் பாரமாக இருந்தது எண் அல்ல. தாய்மாரைக் கூட்டி வைத்து அவள் சொன்ன வார்த்தை. "இது பாத்துக்கொள்ளும். நீங்கள் பயப்பிடாமல் வேலைக்குப் போங்கோ." அந்த வார்த்தையை நம்பித்தான் அந்தப் பிள்ளைகள் ஒவ்வொன்றும் இந்தக் கூரையின் கீழ் உறங்கின.

*

நாடாச் சுருளைப் பையில் போட்டபோது, பின்னால் சப்பாத்துச் சத்தம் கேட்டது.

ஆமி.

கோப்ரல் ஒருவர் முன்னால். பின்னால் இரண்டு இளம் பொடியன்கள், மழைச் சட்டையோடு. மூன்று துவக்குகளும் நிலத்தைப் பார்க்கவில்லை.

"கையை எடு," என்றார் கோப்ரல் சிங்களத்தில்.

கமலாசனி எடுத்தாள். பேச்சியம்மா வாசலில் ஒரு குழந்தையைத் தோளில் போட்டபடி சிலையாக நின்றாள். சத்தம் கேட்டுக் காளிமுத்து லயத்திலிருந்து ஓடி வந்தார்.

கண்டி நகரின் நடுவில் குண்டு வெடித்த வருடம் அது. மடவளை பஸ்ஸில் ஒரு பார்சலை மறந்து விட்டுப் போனாலே ஊர் கூடிவிடும் காலம். மலைச் சரிவில் தேயிலைக்குள் வயர் ஓடுகிறது, வயரின் முடிவில் யாழ்ப்பாணத்து அடையாள அட்டையோடு ஒரு பெண் என்று யாரோ போய்ச் சொல்லியிருந்தார்கள்.

"இது என்ன?" கோப்ரல் துவக்கின் நுனியால் திரையைக் காட்டினார். மார்பில் விஜேகோன் என்று பெயர்.

பத்து வருடக் கண்டி வாழ்க்கையில் அவளுக்குச் சிங்களம் நன்றாக வந்திருந்தது. அவள் சொன்னாள். வெடிப்பு, இழை, குமிழ், வயர், எண். தோட்டத்து அனுமதிக் கடிதத்தைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். கோப்ரல் அதைப் பார்க்கவேயில்லை.

"போன மாதம் இந்தப் பக்கம் வேறு முகாமின் பொறுப்பு. இப்போது நாங்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. இதைக் கழற்று. நீயும் பெட்டியும் முகாமுக்கு வரவேண்டும்."

"தமிழன் கையில வயரு இருந்தா குண்டு," என்று காளிமுத்து வாய்க்குள் முணுமுணுத்தார். "சிங்களவன் கையில இருந்தா லைட்டு."

"தலைவர், வாயை மூடுங்கோ," என்றாள் கமலாசனி, கோப்ரலிலிருந்து கண்ணை எடுக்காமல். பிறகு சிங்களத்தில்: "வருகிறேன் மாத்தயா. எங்கே வேண்டுமானாலும் வருகிறேன். ஆனால் தாய்மார் வேலை முடிந்து பிள்ளைகளைத் தூக்கும் வரைக்கும் இதைத் தொடாதீர்கள். நேற்றிலிருந்து மழை விடவில்லை."

இளம் சிப்பாய்களில் ஒருவன் திரையருகே குனிந்தான். நிமலசிறி. மேலுதட்டில் இன்னும் மீசை சரியாக முளைக்கவில்லை. இடுப்பில் வயர் வெட்டும் பிளையர் ஒன்று தொங்கியது.

"றேடியோவின் சத்தக் குமிழா?" என்றான் நம்பாமல். "மலையின் சத்தத்தையா கூட்டுகிறாய்?"

மற்றவன், ஜயதிலக்க, சிரித்தான்.

"இந்த வயரை வெட்டினால் என்ன ஆகும்?" என்றான் நிமலசிறி.

"வெட்டக்கூடாது," என்றாள் அவள் பதறி. "வெட்டினால் அதே நொடியில் அந்த ஹோர்ன் கத்தும். மலை வருகிறதென்று எல்லோரும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்."

"அப்படியா?"

அவன் பிளையரை எடுத்து அவள் முகத்துக்கு நேராக இரண்டு தரம் டிக் டிக்கென்று கடித்துக் காட்டினான். இருவரும் சிரித்தார்கள். கமலாசனியின் காதோரம் சுட்டது.

கோப்ரல் யோசித்தார். வயரை மேலே மலைவரை பார்வையால் தொடர்ந்தார். பாதித் தூரத்துக்கு மேல் முகில்.

"நீங்கள் இரண்டு பேரும் வயரோடு போங்கள். மறுமுனையில் என்ன இருக்கிறதென்று பார்த்துவிட்டு வாருங்கள். நான் சொல்லும்வரை எதையும் தொடவேண்டாம்."

"றேடியோ செற்றைத் தாருங்கள் சேர்," என்றான் நிமலசிறி.

"என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. அது இங்கே வேண்டும். கண்ணால் பார்த்துவிட்டு வர உனக்கு றேடியோ செற் எதற்கு?"

இருவரும் தேயிலைக்குள் நுழைந்தார்கள். கொஞ்ச நேரத்தில் முகில் அவர்களை விழுங்கியது.

*

கோப்ரல் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். பெட்டியைத் தொடக்கூடாது, பார்க்கலாம் என்றார்.

அவள் பார்த்தாள்.

முப்பத்தொன்று. முப்பத்தொன்று.

பேச்சியம்மா கறுப்புத் தேநீர் கொண்டுவந்து கோப்ரலிடம் நீட்டினாள். அவர் தயங்கினார்.

"குடிக்கச் சொல்லுங்க மிஸ். வெசம் வச்சிட்டு நான் செறைக்குப் போனா இந்தப் புள்ளைங்களுக்குச் சீனிக்கு யாரு போவா?"

கமலாசனி மொழிபெயர்க்கவில்லை. ஆனாலும் அவர் வாங்கிக் குடித்தார்.

முப்பத்து மூன்று.

அவள் நிமிர்ந்தாள். உங்கள் ஆட்கள் குழாயைத் தொடுகிறார்களா என்று கேட்டாள். தொடமாட்டார்கள் என்றார் அவர். முப்பத்தைந்து. முப்பத்தெட்டு. மெல்ல, மூச்சு விடுவதுபோல ஏறியது. சேவலும் இப்படி ஏற்றவில்லை, நூலும் இப்படி ஏற்றவில்லை.

"மாத்தயா, ஐம்பது வரைக்கும் இருக்கவேண்டாம். இப்போதே பிள்ளைகளை..."

எண் மறைந்தது.

அந்த இடத்தில் பூச்சியம்.

ஹோர்ன் அலறியது.

லொறி ஹோர்ன், சின்ன அறையின் சுவரில். பிள்ளைகள் ஒரே குரலில் வீரிட்டன. கோப்ரல் துள்ளி எழுந்ததில் தேநீர்க் கோப்பை உருண்டது. காளிமுத்து வாசலில் நின்று அவள் முகத்தையே பார்த்தார்.

"மிஸ், நெசமா?"

மலை நகர்ந்தால் எண் ஏறும். ஏறி ஐம்பதைத் தாண்டித்தான் கத்தும். முப்பத்தெட்டிலிருந்து ஒரே பாய்ச்சலாகப் பூச்சியத்துக்கு விழாது. அவள் கை தானாகப் புதிய மூட்டைத் தொட்டுப் பார்த்தது. இறுக்கமாக, உலர்ந்து இருந்தது. கோளாறு இங்கே இல்லை, மேலே. மேலே இரண்டு பேர், ஒரு பிளையர்.

வெட்டிவிட்டான். வெட்டாதே என்று சொன்னதை, என்ன நடக்கிறதென்று பார்க்க வெட்டிவிட்டான்.

உண்மையைச் சொன்னால் ஹோர்னை நிறுத்திவிடலாம். பிள்ளைகள் தொட்டிலுக்குத் திரும்பும். மலை இனி எவ்வளவு அகன்றாலும் பெட்டிக்குத் தெரியாது. பொய்யைச் சொன்னால் பிள்ளைகள் இந்த நிமிடமே வெளியே போகும். மலை வராவிட்டால் அவள் பெயரும் பெட்டியும் இன்றோடு சரி, நாளைக்கு அதே கூரையின் கீழ் அதே பிள்ளைகள்.

அவள் திரையைப் படாரென்று மடக்கினாள்.

"நெசந்தான் தலைவர்! மலை வருது! தூக்குங்கோ!"

பிறகு கோப்ரலின் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் அதையே கத்தினாள்.

கோப்ரல் முதலில் பார்த்தது மேலே, முகிலை. "மல்லீ!" என்று தம்பியைக் கூப்பிடுவதுபோலத் தொண்டை கிழியக் கத்தினார். மழை அந்தக் குரலை ஒரு தேயிலைச் செடிகூடத் தாண்ட விடவில்லை. பிறகு துவக்கை முதுகில் எறிந்துவிட்டு உள்ளே ஓடி, கைக்கு ஒன்றாக இரண்டு குழந்தைகளை அள்ளினார். ஒன்று அவர் சட்டையிலேயே மூத்திரம் பெய்தது.

மலையிலிருந்து தாய்மார் வந்தார்கள். தலையில் மழைக்குப் போர்த்திய கொங்காணி, காலில் கடித்துத் தொங்கும் அட்டை, முகத்தில் உயிர் இல்லை. கிடைத்த பிள்ளையைக் கிடைத்தவள் தூக்கினாள். யார் பிள்ளை என்று பிறகு பார்க்கலாம். கோயில் மேட்டுக்குப் போகும் குறுக்குப் பாதையில் எல்லோரும் ஏறினார்கள். கடைசியாகப் பேச்சியம்மா, ஒவ்வொரு தொட்டிலையும் கையால் தடவிப் பார்த்துவிட்டு வந்தாள். அவளுக்குப் பின்னால் கமலாசனி, கொம்பியூட்டரை வயரிலிருந்து பிடுங்கி மார்போடு அணைத்தபடி.

மேட்டில் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

மலை இருந்த இடத்தில் இருந்தது. பிள்ளைக் காம்பராவின் தகரக் கூரையில் மழை அமைதியாகப் பெய்தது.

ஜீப் ஒன்று உறுமிக்கொண்டு ஏறி வந்தது. பெரிய துரை இறங்கினார். ஹோர்ன் கேட்டு வந்திருந்தார். மலையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், கடைசியாகக் கமலாசனியைப் பார்த்தார்.

"காட்டுங்க," என்றார் தமிழில்.

அவள் அசையவில்லை. அவரே பெட்டியை வாங்கித் திரையை நிமிர்த்தினார். ஹோர்ன் அலறிய கணத்தின் எண்ணை அது அழிக்காமல் வைத்திருந்தது.

"பூச்சியம். பூச்சியம்னா வயர் அறுந்ததுன்னு நீங்கதானே எனக்குச் சொன்னது?"

"ஓம்."

"அப்ப மலை எங்க வருது?"

கூட்டம் அவளைப் பார்த்தது. மழையில் நனைந்த எத்தனையோ கண்கள். காளிமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

"பொய் சொன்னீங்களா மிஸ்?" என்று ஒருத்தி கேட்டாள். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். "எம் புள்ள காய்ச்சலோட கெடந்தான் மிஸ். மழையில தூக்கிட்டு வந்தேனே."

"எல்லாரும் கீழ போங்க," என்றார் துரை. "புள்ளைங்களை உள்ள விடுங்க. நனையுது. மிஸ், நீங்க இந்தப் பொட்டியோட..."

காய்ச்சல்காரப் பிள்ளையின் தாய் பாதையில் இரண்டடி இறங்கினாள். மூன்றாவது அடியில் நின்றாள்.

நிலம் அதிர்ந்தது. முதலில் அது ஜீப்பின் சத்தம் போலத்தான் இருந்தது. ஆனால் ஜீப் அணைந்திருந்தது.

முகிலுக்குள்ளிருந்து தேயிலை நின்றபடியே வந்தது. நிரை குலையாமல், நடந்து வருவதுபோல. பிறகு ஒரு சவுக்கு மரம் சாய்ந்தது. பிறகு எல்லாமே சாய்ந்தது. செம்மண், கல், வேர், முனியின் கல், எல்லாம் ஒரே குழம்பாகப் பிள்ளைக் காம்பராவின் மேல் இறங்கி, அதைத் தாண்டி, கீழே ஓடையில் போய் நின்றது.

தகரத்தின் ஒரு துண்டுகூட வெளியே தெரியவில்லை.

யாரும் அழவில்லை. பிள்ளைகள்கூட. காய்ச்சல்காரப் பிள்ளையின் தாய் பாதையிலேயே உட்கார்ந்து, மகனின் தலையை முகர்ந்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோப்ரல் விஜேகோன் மட்டும் சரிவின் ஓரமாக ஓடிக்கொண்டிருந்தார், இரண்டு பெயர்களைச் சொல்லிக் கத்தியபடி. ஒரு பெயருக்குத்தான் பதில் வந்தது.

*

நிமலசிறியை மறுநாள் தோண்டி எடுத்தார்கள். தோண்டியவர்களில் காளிமுத்துவும் இருந்தார். பிஸ்கட் தகரத்துக்குப் பக்கத்தில்தான் கிடந்தானாம். கையில் பிளையர் இருந்ததாம். வயரின் முனை ஒரே வெட்டில், சுத்தமாக அறுந்திருந்ததாம்.

விசாரணையில் ஜயதிலக்க சுருக்கமாகச் சொன்னான். வயரை வெட்டும்போது மண் இறங்கியது, நிமலசிறி இடுப்புவரை புதைந்தான், இழுத்தும் வரவில்லை, பிறகு மலை போயிற்று. அவ்வளவுதான்.

கமலாசனியை முகாமில் வைத்திருந்து கேள்வி கேட்டார்கள். எழுதியதையே திரும்ப எழுதினார்கள். பெரிய துரையே வந்து கையெழுத்து வைத்து அவளை வெளியே எடுத்தார்.

தோட்டத்தில் கதை வேறு மாதிரி வளர்ந்தது. அந்தப் பொடியனின் கையைப் பிடித்து முனிதான் வெட்ட வைத்தது என்றார்கள். "கெட்ட எண்ணத்துல வெட்டுனான், நமக்கு நல்லதா முடிஞ்சிருச்சு," என்றார் காளிமுத்து. "அவன் வெட்டலேன்னா ஒங்க பொட்டி ஐம்பது வரைக்கும் எண்ணிக்கிட்டு இருந்திருக்கும். அதுக்குள்ள மலை வந்திருக்கும். என்ன மிஸ்?"

"இருக்கலாம்," என்றாள் அவள்.

செத்தவீட்டுக்குப் போகத் தலைவர் ஒரு வான் பிடித்தார். கம்பளைக்கு அப்பால் ஒரு கிராமம். தாய்மாரில் சிலரும் போனார்கள். கமலாசனியையும் கூப்பிட்டார்கள்.

"வரேல்ல," என்றாள்.

அவளால் முடியவில்லை. அவன் நினைவு வந்தபோதெல்லாம் கண்ணுக்குள் வந்தது அந்தப் பிளையர்தான், முகத்துக்கு நேரே, டிக் டிக். வெட்டாதே என்று கெஞ்சியவளைப் பார்த்துச் சிரித்த வாய். பிள்ளைகளின் உயிரை விளையாட்டுச் சாமானாக எடுத்தவன். விளையாட்டு தற்செயலாக நல்லதாக முடிந்ததென்பதற்காக அவனுக்கு மலர் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. செத்தவனைத் திட்டக்கூடாது என்று அம்மா சொல்லித்தான் வளர்த்தாள். அவள் வாய்விட்டுத் திட்டவில்லை. அவ்வளவே.

*

ஒருநாள் முற்பகல் இராமையா ஆய்வுகூட வாசலில் வந்து நின்றான்.

"மிஸ், ஒங்களப் பாக்க ஒரு ஆளு. சிங்களப் பையன். பேரு கேட்டா சொல்ல மாட்டேங்குறான்."

ஜயதிலக்க. சிவில் உடுப்பில், மணிக்கட்டில் பிக்குமார் ஓதிக் கட்டிய வெள்ளைப் பிரித் நூலோடு. கதிரையைக் காட்டியும் அவன் உட்காரவில்லை. மேசையில் கிடந்த வயர்த் துண்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நிமலசிறியின் அம்மா கேட்டார்," என்றான் சிங்களத்தில். "அந்தக் குழந்தைகளின் அம்மாமார் எல்லாம் வந்தார்களே, அந்த நோனா ஏன் வரவில்லை என்று."

கமலாசனி வயர்த் துண்டுகளை ஒன்றாகச் சேர்த்து ஒதுக்கினாள்.

"அவன் விளையாட்டுக்கு வெட்டினான் என்றுதானே நினைக்கிறீர்கள்?"

"அவர் வெட்டிக் காட்டுவேன் என்றுதான் சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள்."

"சிரித்தோம்."

வெளியே மாணவர்கள் யாரோ சத்தமாகப் பேசிக்கொண்டு போனார்கள். சத்தம் தேயும்வரை அவன் காத்திருந்தான்.

"விசாரணையில் நான் சொன்னதில் பொய் இல்லை, நோனா. ஆனால் முன்னால் நடந்ததை விட்டுவிட்டேன். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி என்னைத்தான் கேட்பார்கள். நீ ஏன் போகவில்லை என்று."

"என்ன நடந்தது?"

"நாங்கள் தகரத்துக்குப் பக்கத்தில் நின்றோம். வெடிப்பின் கீழ்க்கரையில். ஒன்றையும் தொடவில்லை. நாங்கள் நின்ற மண் மெல்ல இறங்கத் தொடங்கியது. கால் வைத்த படி தாழ்கிற மாதிரி. முகிலில் கீழே ஒன்றும் தெரியவில்லை. கத்தினோம், யாருக்கும் கேட்கவில்லை. செற் கோப்ரலிடம். ஓடி இறங்கி வந்து சொல்ல நேரம் இல்லையென்று இரண்டு பேருக்கும் தெரியும்."

அவன் நூல் கட்டிய கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டான்.

"நான் தப்பினேன், அவன் மாட்டிக்கொண்டான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முதலில் மேல்கரைக்குத் தாவினது அவன்தான். அவன்தான் கையைக் கொடுத்து என்னை மேலே இழுத்தான். இரண்டு பேரும் கெட்டி நிலத்தில் நின்றோம். அதன் பிறகுதான் அவன் பிளையரை எடுத்துக்கொண்டு, வயரை வெட்டத் திரும்பக் கீழே குதித்தான்."